கையில் இருக்கும் குரல்களை வைத்துக் கல்லூரிக் கொயர் நடத்துவது எப்படி

கிறிஸ்தவக் கல்லூரியில் இசை ஆசிரியராகச் சேருகிறவருக்கு நியமனக் கடிதத்தில் ஒரு வேலைதான் எழுதியிருக்கும். சேர்ந்த பிறகு எண்ணிப் பார்த்தால் நாலைந்து தேறும். வகுப்பில் இசைக் கோட்பாடு, தனித்தனியாகக் குரல் பயிற்சி, மாலையில் கொயர் (பாடகர் குழு), வாரத்தில் சில நாள் சேப்பல் (கல்லூரிச் சிற்றாலயம்), அங்கே வாசிக்க ஒரு வாத்தியக் குழு. இவற்றில் புதியவர்களை அதிகம் தடுமாற வைப்பது கொயர்தான். மற்றப் பாடங்களுக்குப் போன வருடக் குறிப்பை இந்த வருடமும் எடுத்துக்கொள்ளலாம். கொயரில் போன வருடம் பாடிய பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) வரிசையில் பாதிப் பேர் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த இடத்தில் நிற்பது வேறு ஆட்கள், வேறு குரல்கள்.

நான் இந்த வேலையில் நெடுநாள் இருந்துவிட்டேன். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் குரல்களைக் கேளுங்கள். பல கொயர்களில் சட்டையைத் தைத்துவிட்டு அதற்கேற்ற ஆளைத் தேடுகிற மாதிரிதான் வருடம் முழுவதும் ஒத்திகை நடக்கிறது.

1730 ஆகஸ்டில் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் லைப்சிக் நகர மன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். அப்போது அவர் அங்கே புனித தோமா பள்ளியின் இசைப் பொறுப்பாளர். பள்ளி மாணவர்களை வைத்துத்தான் நகரத்துத் தேவாலயங்களில் பாட்டு நடந்தாக வேண்டும். மனுவின் முடிவில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: 17 பேர் பயன்படுவார்கள், 20 பேர் இன்னும் தேறவில்லை, 17 பேர் தேறவே மாட்டார்கள். ஒரு கொயருக்குப் பார்ட்டுக்கு, அதாவது ஒவ்வொரு குரல் வரிக்கும், மூன்று பேராவது வேண்டும், நான்கு பேர் இருந்தால் நல்லது என்றும் கேட்கிறார். ‘எங்கள் கல்லூரியில் நல்ல குரலே இல்லை’ என்று புலம்புகிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுவேன். அவர் போட்ட மாதிரிப் பட்டியல் ஒன்றை நீங்களும் முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும். ஆனால் அவருடைய மூன்றாவது கட்டம் என் தாளில் கிடையாது. அந்த இடத்தில் ‘யார் பக்கத்தில் நிறுத்துவது?’ என்று எழுதி வைப்பேன்.

குரல் கேட்பது

ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். தனிப்பாட்டு ஒன்றைத் தயார் செய்துகொண்டு வரச் சொல்லாதீர்கள். தனியாக நின்று அழகாகப் பாடுகிறவர் கூட்டத்தோடும் பாடத் தெரிந்தவராக இருப்பார் என்று நம்ப முடியாது. வந்தவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்து, பேசும் குரல் எங்கே நிற்கிறது என்று கவனிப்பேன். அப்புறம் ஐந்து சுரங்கள் ஏறி இறங்கும் பயிற்சி. ஒவ்வொரு முறையும் அரைச்சுரம் (பியானோவில் அடுத்த கட்டை) மேலே போய், பிறகு அதே போலக் கீழே வர வேண்டும். குரல் எந்த இடத்தில் தடம் மாறுகிறது, எந்த இடத்தில் அலுக்காமல் நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன். உச்சியில் எந்தச் சுரத்தைத் தொட்டார் என்பதைவிட எனக்கு இதுதான் உதவும். ஒரு பாட்டு முழுக்க உச்சியிலேயே நிற்க யாராலும் முடியாது.

அடுத்து, நாலைந்து சுரங்களை ஒருமுறை வாசித்துக் காட்டித் திரும்பப் பாடச் சொல்வேன். கடைசியாக, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஞானப்பாட்டை அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று நான் வேறு பார்ட் பாடுவேன். தன் வரியைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொள்கிறாரா? அப்படியானால் குரல் சுமாராக இருந்தாலும் அவர் கொயருக்கு ஆகிறவர். நல்ல குரல் இருந்தும் பக்கத்தில் கேட்கிற பார்ட்டுக்குத் தாவிவிடுகிறவருக்குத்தான் அதிக நாள் செலவாகும்.

பார்ட் ஒதுக்குவதில் அவசரம் வேண்டாம். கல்லூரி வயது ஆண்களில் பெரும்பாலோர் பாரிட்டோன், பெண்களில் பெரும்பாலோர் மெஸ்ஸோ; இரண்டுமே நடுத்தரக் குரல்கள். சோப்ரானோ, ஆல்ட்டோ (பெண்களின் மேல்குரல், கீழ்க்குரல்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல்குரல், கீழ்க்குரல்) என்ற நாலு பார்ட் இசையில் இந்த இரண்டு குரல்களுக்கும் தனி வரி கிடையாது. அதனால் நீங்கள் எந்தப் பார்ட்டில் போட்டாலும் அது பாதி சமரசம்தான். நோட்டேஷன் படிக்கத் தெரிந்த பெண்களையெல்லாம் ஆல்ட்டோவில் தள்ளிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் சம்மதமே இல்லை. 18, 19 வயதில் குரல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. படிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக மேல்குரலை வருடக்கணக்கில் கீழே அடைத்து வைப்பது ஆசிரியர் செய்யும் வேலை இல்லை. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எல்லோரையும் மறுபடி கேட்டு, தேவைப்பட்டால் மாற்றுங்கள்.

பாட்டுத் தேர்வு

பட்டியல் கையில் வந்ததும் ஒரு குறை பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் டெனர்தான் குறைவாக இருக்கும். மூன்று டெனர்களை வைத்துக்கொண்டு, டெனர் வரி இரண்டாகப் பிரிகிற பாட்டை எடுக்காதீர்கள். சோப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்குரல் என்று மூன்று பார்ட்டுக்கு எழுதப்பட்ட இசை நிறைய உண்டு. இரண்டு பார்ட் பாட்டும் கௌரவக் குறைவு இல்லை. ஆல்ட்டோக்கள் சிலரை டெனர் வரி பாட வைப்பது ஒரு பாட்டுக்குச் சரி, நிகழ்ச்சி முழுவதற்கும் சரிப்படாது. கீழே அழுத்திப் பாடிப் பாடி அவர்கள் குரல் கனத்துப்போகும்.

கிறிஸ்துமஸ் வந்தாலே ஹாண்டெலின் அல்லேலூயா கோரஸ் வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். புதிய மாணவர்கள் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். அதில் சோப்ரானோ ஒவ்வொரு படியாக ஏறி மேல் ஜி வரைக்கும் நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இளம் குரல்கள் அங்கே கத்தத் தொடங்கிவிடும். ஹாண்டெல் அதை எழுதியது 1741இல். அவருடையது என்று சொல்லப்படும் 1751ஆம் ஆண்டின் டியூனிங் ஃபோர்க் (சுருதி காட்டும் உலோகக் கவை) ஏ சுரத்தை 422.5 ஹெர்ட்ஸில் தருகிறது. இன்றைய பியானோவில் ஏ என்பது 440. ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் வித்தியாசம். அதாவது நம் பிள்ளைகள் அவர் கேட்டதைவிட உயரத்தில் பாடுகிறார்கள். பியானோ மட்டும் துணையாக இருந்தால் அரைச்சுரம் இறக்கிப் பாடிவிடுங்கள். யாராவது குறை சொன்னால் அந்த ஃபோர்க்கைக் காட்டலாம்.

பதிப்புரிமை முடிந்த பழைய இசையை, 1998இல் தொடங்கிய கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரியிலும் 2006இல் தொடங்கிய ஐ.எம்.எஸ்.எல்.பி.யிலும் இலவசமாக எடுக்கலாம்; இரண்டும் இணையத்தில் உள்ள இசைத்தாள் நூலகங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: மெட்டு இருநூறு வருடப் பழமையாக இருந்தாலும், போன வருடம் ஒருவர் அதற்குப் பார்ட் எழுதியிருந்தால் அந்த அமைப்புக்கு உரிமை அவருடையது. ஒரு பிரதி வாங்கி நாற்பது ஜெராக்ஸ் எடுப்பது தவறு. கிறிஸ்தவக் கல்லூரியில் அது இன்னும் கொஞ்சம் கூச்சமான தவறு.

மாணவர்கள் தாங்களே கொண்டுவரும் பாட்டுகளையும் கேளுங்கள். அமெரிக்காவில், விடுதலையான கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட் என்பவர் பொருளாளராக இருந்துகொண்டே இசையும் கற்றுக்கொடுத்தார். கையில் பணமில்லாத அந்த நிறுவனத்துக்காக 1871இல் ஒன்பது மாணவர்களோடு நிதி திரட்டக் கிளம்பினார். முதலில் அவர்கள் மேடையில் பாடியது பெரும்பாலும் அன்று எல்லோரும் பாடிக்கொண்டிருந்த பாட்டுகள்தான். அடிமைக் காலத்தில் பெற்றோர் பாடி இவர்கள் கேட்டிருந்த ஆன்மிகப் பாடல்கள் பின்னால்தான் மேடைக்கு வந்தன. கூட்டம் அவற்றுக்குத்தான் அசந்துபோனது. திரட்டிய பணத்தில் ஜூபிலி ஹால் என்ற பெரிய கட்டடமே எழுந்தது. ஆசிரியர் அலமாரியில் இல்லாத நல்ல இசை மாணவரிடம் இருக்கலாம். அதற்குப் பார்ட் எழுதுவது உங்கள் வேலை.

யாரை எங்கே நிறுத்துவது

உயரம் பார்த்து நிறுத்துவது புகைப்படக்காரருக்கு உதவும், பாட்டுக்கு உதவாது. அயோவா மாநிலத்தின் லூத்தர் கல்லூரியில் 1948 முதல் 2005 வரை நார்டிக் கொயரை நடத்திய வெஸ்டன் நோபிள், குரல்களை அக்கம்பக்கம் பொருத்திப் பார்ப்பதில் பெயர் பெற்றவர். பல ஆண்டுகள் கல்லூரி பேண்டையும் அவரே நடத்தினார். இந்த முறையை எந்தக் கொயரிலும் செய்யலாம். ஒரு பார்ட்டில் உள்ளவர்களை மட்டும் கூப்பிடுங்கள். சுருதி சுத்தமாக, அலட்டாமல் பாடும் ஒருவரை நடுவில் நிறுத்துங்கள். தெரிந்த பாட்டின் முதல் வரியை அவரோடு இன்னொருவர் பாடட்டும். இடப்பக்கம் நின்று ஒருமுறை, வலப்பக்கம் நின்று ஒருமுறை. பக்கம் மாறினாலே ஒலி மாறும்; முதல் தடவை கேட்கும்போது நம்பமாட்டீர்கள். நன்றாகச் சேரும் பக்கத்தில் அவரை விட்டுவிட்டு மூன்றாமவரைக் கூப்பிடுங்கள். யாரிடமும் ‘சத்தத்தைக் குறை’ என்று சொல்லாமலே ஒரு வரிசை முழுவதும் ஒரே குரலாகிவிடும். மாணவர்களையே நடுவர்களாக வைத்துச் செய்தால் காதுக்கும் பயிற்சி.

தோளோடு தோள் ஒட்டி நிற்க வைக்காதீர்கள். ஒரு முழங்கை அளவு இடைவெளி விட்டாலே தன் குரல் தனக்குக் கேட்கும், அப்புறம் யாரும் கத்த மாட்டார்கள். பாட்டு நன்றாகத் தெரிந்த பிறகு சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நால்வர் நால்வராகக் கலந்து நிற்கச் சொல்லிப் பாருங்கள். கற்கும்போது செய்யாதீர்கள், குழப்பம்தான் மிஞ்சும்.

ஒத்திகை

ஒத்திகைக்கு முன் நாலு பார்ட்டையும் நீங்கள் தனித்தனியாகப் பாடியிருக்க வேண்டும். பாடும்போது உங்களுக்கே எங்கே தடுக்குகிறதோ, அங்கேதான் அவர்களுக்கும் தடுக்கும். மூச்சு எங்கே எடுப்பது என்பதைப் பென்சிலால் குறித்து வையுங்கள். என் பையில் எப்போதும் ஒரு டப்பா நிறையப் பென்சில் இருக்கும். ‘நினைவில் வைத்துக்கொள்கிறேன்’ என்று சொல்கிற மாணவரை நான் நம்புவதில்லை.

குரல் சூடேற்ற எட்டுப் பத்து நிமிடம். உதட்டை அதிரவிட்டு மேலிருந்து கீழே வழுக்கி வருவது, பிறகு இறங்கு வரிசைகள். எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போகக் கூடாது. அன்றைய பாட்டின் கடினமான இடம் ஒன்றைப் பயிற்சியாக மாற்றி இங்கேயே நுழைத்துவிடுவேன். பாட்டில் அந்த இடம் வரும்போது அவர்களுக்கு அது ஏற்கனவே தெரிந்திருக்கும்.

அதன்பின் உடனே அன்றைய மிகக் கடினமான வேலை. மூளை புதிதாக இருக்கும் நேரம் அது ஒன்றுதான். நீளமான பாட்டாக இருந்தால் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுங்கள். இல்லையென்றால் முதல் பக்கம் மட்டும் தங்கமாகவும் முடிவு தகரமாகவும் இருக்கும். தாளம் ஆட்டம் கண்டால் வார்த்தைகளை எடுத்துவிட்டு எண்களைப் பாடச் சொல்லுங்கள். அமெரிக்கக் கொயர் நடத்துநர் ராபர்ட் ஷா பழக்கப்படுத்திய முறை இது. எல்லோரும் மெதுவான குரலில், தங்கள் தங்கள் சுரத்திலேயே, ‘ஒன்-அண்ட்-டூ-அண்ட்’ என்று எண்ணிப் பாட வேண்டும். தமிழ் எண்கள் இரண்டு மூன்று அசையாக நீள்வதால் இங்கே ஆங்கில எண்தான் தோது. நீட்டிப் பிடிக்கும் சுரத்தை யார் பாதியில் விடுகிறார்கள் என்பது இரண்டே நிமிடத்தில் அம்பலமாகும். குரலும் களைக்காது.

நிறுத்தினால் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: எந்த பார் (இசைத்தாளில் கோடு பிரித்த தாளக் கட்டம்), எந்தப் பார்ட், என்ன செய்ய வேண்டும். பிறகு உடனே பாட்டு. ஒரு பார்ட்டுக்கு நெடுநேரம் சொல்லிக்கொடுத்தால் மற்ற மூன்று வரிசையும் போனை எடுத்துவிடும். இரண்டிரண்டு பார்ட்டாகச் சேர்த்துப் பாட வையுங்கள். அவர்களோடு சேர்ந்து நீங்கள் பாடாதீர்கள். பாடிக்கொண்டே கேட்க யாராலும் முடியாது. கையசைப்பைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். முதல் அடிக்கு முன் வரும் தயாரிப்பு அசைவில் வேகமும் பலமும் மூச்சும் இருக்க வேண்டும். அதைச் சரியாகக் கொடுத்தால் மற்றப் பாதி தானாக வரும்.

பியானோ வாசிப்பவரிடம் இசைத்தாளை மாணவர்களுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். முடிந்தவரை அவரைச் சும்மா இருக்கச் சொல்லுங்கள். பியானோ எல்லா நேரமும் கூடவே வாசித்தால், கொயர் பக்கத்துப் பார்ட்டைக் கேட்காமல் பியானோவைத்தான் கேட்கும். இன்னொரு காரணமும் உண்டு. பியானோவில் ஒரு அரைச்சுரம் 100 சென்ட், அதனால் மேஜர் மூன்றாம் சுரம் 400. ஆனால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) அதிராமல் அமைதியாக நிற்கும் மூன்றாம் சுரம் 386 சென்ட்தான். அந்த 14 சென்ட் வித்தியாசத்தைப் பியானோ இல்லாமல்தான் கேட்க முடியும். பேஸ் அடிச்சுரத்தைப் பிடிக்கட்டும், இன்னொரு வரிசை ஐந்தாம் சுரத்தை அதன்மேல் வைக்கட்டும். இரண்டும் அசையாமல் நின்ற பிறகு மூன்றாம் சுரத்தைச் சத்தமில்லாமல் உள்ளே நுழைக்கச் சொல்லுங்கள். சரியாக விழும்போது அறையே மாறும், மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

சுருதி இறங்கினால் திட்டிப் பயனில்லை. இறங்கு வரிசையில் படிகளைப் பெரிதாக வைக்கிறார்களா, ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் தொய்கிறார்களா, அல்லது வெறும் களைப்பா, புழுக்கமா என்று பாருங்கள். எதுவுமே பிடிபடாவிட்டால் பாட்டை அரைச்சுரம் ஏற்றிப் பாடச் சொல்லுங்கள். எஃப் மேஜரில் வழுக்கும் பாட்டு எஃப் ஷார்ப்பில் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குரல் தடம் மாறும் இடம் வேறு சுரத்துக்குப் போய்விடுவதால் அப்படி நடக்கிறது என்று நினைக்கிறேன்.

சேப்பல்

கச்சேரிக்கும் ஆராதனைக்கும் ஒரே அளவுகோல் வைக்காதீர்கள். ஆராதனையில் பாட வேண்டியது முதலில் சபை. கொயர் அதற்குத் துணை. சபையில் பயிற்சியில்லாதவர்களே அதிகம். மேல் டி சுரத்தைத் தாண்டினால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். காலை ஆராதனையென்றால் இன்னும் சீக்கிரம். பாட்டுப் புத்தகத்தில் அச்சடித்த ஸ்கேல் வேதவாக்கு அல்ல, இறக்குங்கள். முன்னிசையை எந்த வேகத்தில் வாசிக்கிறீர்களோ அதே வேகத்தில் பாட்டைத் தொடங்குங்கள். சரணங்களுக்கு இடையே விடும் மூச்சு ஒவ்வொரு தடவையும் ஒரே நீளமாக இருக்கட்டும். சபை தயங்காமல் பாட இந்த இரண்டும் போதும். கடைசிச் சரணத்தில் சோப்ரானோவுக்கு மட்டும் ஒரு மேல்மெட்டுச் சேர்க்கலாம். எல்லா வாரமும் வேண்டாம்.

போதகரிடம் அன்றைய வேத வாசிப்பு எது என்று இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். அதற்குப் பொருத்தமான, கொயருக்கு நன்றாகத் தெரிந்த பாட்டை எடுங்கள். நேற்று முடித்த பாட்டை இன்று சேப்பலில் சோதித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

கொயரில் கிறிஸ்தவர் அல்லாத மாணவர்களும் இருப்பார்கள், பாட்டின் மீதுள்ள ஆசைக்காக வந்தவர்கள். வரியின் பொருளை எல்லோருக்கும் சேர்த்தே விளக்குங்கள்: இந்தச் சங்கீதத்தில் யார் பேசுகிறார், யாரிடம், எந்த நிலையில். ஒருவருடைய நம்பிக்கையைச் சோதிப்பது ஒத்திகை அறையின் வேலை இல்லை. பொருள் தெரிந்து பாடச் சொல்வது ஒத்திகை அறையின் வேலைதான். தொடக்க ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். நீண்ட ஜெபத்துக்குப் பின் வரும் அவசர ஒத்திகையால் யாருக்கும் நன்மை இல்லை.

வாத்தியக் குழு

இங்கேயும் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் தொடங்க வேண்டும். கிட்டார்காரருக்கு ஈ மேஜர் என்றால் கொண்டாட்டம். அதே பாட்டு பி ஃபிளாட் டிரம்பெட்டுக்கு எஃப் ஷார்ப் மேஜரில், ஆறு ஷார்ப்போடு வரும். ஆல்ட்டோ சாக்ஸஃபோனுக்குச் சி ஷார்ப் மேஜர், ஏழு ஷார்ப். முதலாமாண்டு மாணவர் ஓடிப்போவார். பாட்டை ஈ ஃபிளாட்டுக்கு மாற்றுங்கள். டிரம்பெட்டுக்கு எஃப் மேஜர், சாக்ஸஃபோனுக்குச் சி மேஜர், கிட்டார் முதல் ஃப்ரெட்டில் காப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு டி கார்டுகளை வாசித்தால் போதும். எல்லோருக்கும் நிம்மதி. டிரம்ஸ் வாசிப்பவரிடம் ஒரு விதி மட்டும்: சபை பாடும் சத்தம் உனக்குக் கேட்கவில்லையென்றால் நீ அதிகம்.

வருட முடிவில்

கொயருக்கு மதிப்பெண் உண்டென்றால் வருகைப் பதிவை மட்டும் வைத்துப் போடாதீர்கள். பார்ட்டுக்கு ஒருவராக நால்வரை நிறுத்தி ஒரு பாட்டுப் பாட வைத்தால், யார் கற்றிருக்கிறார், யார் பக்கத்துக் குரலில் சாய்ந்து நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். மதிப்பெண்ணோடு, அடுத்த வருடப் பாட்டுத் தேர்வுக்கும் அது உதவும்.

கடைசிப் பருவத்தில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைத் தலைவராக்குங்கள். பார்ட் ஒத்திகையை அவர்களே தனி அறையில் நடத்தட்டும். சேப்பலில் ஒரு பாட்டுக்கு அவர்களே கையசைக்கட்டும். மூத்தவர்கள் போன பிறகு நடக்கும் முதல் ஒத்திகையில் ஆரம்பச் சுரத்தைப் பிடித்துக்கொடுக்க ஆள் வேண்டும். எந்தப் பாட்டு எந்த ஸ்கேலில் நின்றது, எந்த பாரில் இறங்கியது, யாருக்குப் பக்கத்தில் யார் நன்றாகப் பாடினார் என்பதையெல்லாம் இசைத்தாளோடு ஒரே கோப்பில் போட்டு வைத்துவிட்டு விடுமுறைக்குப் போங்கள்.